முத்துக் கடலும் மூச்சுக் குமிழியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வைத்திய ஆராய்ச்சி பற்றி ஏதேனும் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். வைத்திய ஆராய்ச்சி என்பது கரை காணாத கடல். அதிலே எந்தத் துறையில் இறங்குவது என்று யோசித்தபோது, நம் வாசலிலே கிடக்கும் கடலே வழி காட்டியது. மன்னார்க் கரையில் பிறந்த நமக்குக் கடல் சோறு போடுகிறது. சில வேளைகளில் நம் பிள்ளைகளின் காலையும் பறித்துக்கொள்கிறது. ஏன் பறிக்கிறது, அதைத் தடுக்க மனிதர் என்ன கண்டுபிடித்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். உடலுக்குள் ஓடும் வழிகள் அடைபடுவதைப் பற்றிய கதை இது.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது. கடலட்டை பிடிக்கச் சென்ற இளைஞன் ஒருவன் கரைக்கு வந்தான். அன்று நாலு சிலிண்டர் முடித்திருந்தான். தோள்மூட்டுக் குத்துகிறது என்றான். உடம்பெல்லாம் தினவெடுக்கிறது என்றான். அவனுடைய தாயார் எண்ணெய் காய்ச்சித் தடவினார். பக்கத்து வீட்டுப் பெரியவர், "இது வாயுக் குத்து, தம்பி, சுக்குத் தண்ணி குடி" என்றார். கூட்டாளி ஒருவன் சாராயம் கொண்டுவந்தான். நாமும் அன்று அங்கே இருந்தோம். "படுத்து எழும்பினால் சரியாகிவிடும்" என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். விடியற்காலையில் அவனால் எழும்ப முடியவில்லை. இரண்டு கால்களும் உணர்வற்றுக் கிடந்தன, சிறுநீரும் கழியவில்லை. அவன் இன்று கோலூன்றி நடக்கிறான். அவனுடைய பெயரை இங்கே சொல்லமாட்டோம். ஆனால் அந்த இரவை மறக்கவும் மாட்டோம். இன்று இம்மேடையில் நிற்பதற்கு அந்த இரவே காரணம்.

உடல் என்னும் வாய்க்கால்

பெரியோர்களே, கட்டுக்கரைக் குளத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அருவி ஆற்றின் நீரைத் தேக்கத்தில் மறித்துக் குளத்திற்குக் கொண்டுவருகிறார்கள். குளத்திலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால் என்று நீர் பிரிந்து பிரிந்து ஒவ்வொரு பாத்திக்கும் போகிறது. ஒரு கிளை வாய்க்காலில் ஒரு மரக்கட்டை குறுக்கே விழுந்தால் என்ன நடக்கும்? கட்டைக்கு மேலே நீர் தேங்கும். கீழே பயிர் வாடும். குளத்தில் நீர் நிறைந்திருந்தும் அந்த வயலுக்குப் பயன் இல்லை.

நம் உடலும் அப்படியே. இருதயத்திலிருந்து நாடிகள் கிளைத்துக் கிளைத்து மயிரினும் மெல்லிய குழாய்களாகி ஒவ்வோர் உறுப்புக்கும் குருதியைக் கொண்டு செல்கின்றன. நாளங்கள் அதைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. இவ்வழியில் ஏதாவது குறுக்கிட்டால், அப்பால் உள்ள பகுதி ஒட்சிசன் இன்றி வாடும்.

இந்த உண்மையை முறையாக ஆராய்ந்து நிறுவியவர் ஜேர்மனி தேசத்து வைத்தியப் பேரறிஞர் றுடோல்வ் வேர்ச்சோ. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் இறந்தோரின் உடல்களைச் சோதித்தபோது, சிலருடைய சுவாசப்பை நாடிகளிலே இரத்தக் கட்டிகள் அடைத்திருப்பதைக் கண்டார். அக்கட்டிகள் அங்கேயே பிறந்தவை அல்ல. கால் நாளங்களில் உறைந்து, பின்னர் கழன்று, ஓட்டத்தோடு மிதந்து வந்து சிக்கியவை என்று காட்டினார். அடைக்கும் பொருள் ஓரிடத்தில் பிறந்து மற்றோரிடத்தில் போய்ச் சிக்கலாம் என்னும் இந்தக் கருத்து வைத்தியத்தில் ஒரு புதிய கண்ணைத் திறந்தது. இரத்தக் கட்டி அடைக்கலாம்; கொழுப்புத் துளி அடைக்கலாம்; காற்றுக் குமிழியும் அடைக்கலாம். சுழியோடியைத் தாக்குவது பெரும்பாலும் இந்தக் குமிழியே.

அன்றைக்கு அந்தப் பெரியவர் "வாயு" என்று சொன்னாரே, அது ஒருவகையில் உண்மைதான்! ஆனால் அந்த வாயு வயிற்றில் இல்லை, குருதியில் இருந்தது. சுக்குத் தண்ணி அங்கே எட்டாது.

கடலின் பாரம்

கரையில் நிற்கும்போது நம்மேல் ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. பிறந்தது முதல் சுமப்பதால் அதை உணர்வதில்லை. கடலில் 10 மீற்றர், அதாவது ஐந்தரைப் பாகம், இறங்கினால் அதனோடு இன்னும் ஒரு வளிமண்டல அமுக்கம் சேர்கிறது. 20 மீற்றரில் மூன்று. 30 மீற்றரில் நான்கு. நீரையும் தசையையும் இந்தப் பாரம் பெரிதாக நசுக்காது. காற்று உள்ள இடங்களையே அது தேடிப் பிடிக்கும். நம் உடலில் காற்று உள்ள இடங்கள் காது, மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகள், சுவாசப்பை என்பன. ஆகவே சுழியோடிக்கு மூன்று அடைப்புக்கள் வரக்கூடும். முதலாவது காதில், இரண்டாவது சுவாசப்பையில், மூன்றாவது குருதியில்.

முதலாவது காது. செவிப்பறைக்கு உட்புறத்திலிருந்து தொண்டையின் மேற்புறத்திற்கு ஒரு சிறு குழாய் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய அறிஞர் யூஸ்டேக்கியோவின் பெயரால் அது வழங்குகிறது. கீழே இறங்கும்போது இக்குழாய் திறந்து காற்றை உள்ளே விட்டால் செவிப்பறை இருபுறமும் சமமாக அமுங்கும். சளி பிடித்து அக்குழாய் அடைபட்டிருந்தால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுக் கிழியும். மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதிக் காதைத் திறக்கிறோம் அல்லவா? 1704ஆம் ஆண்டில் தமது காது பற்றிய நூலில் இதை எழுதிவைத்த வல்சால்வா என்பவரின் பெயரையே வைத்தியர் இதற்கு இட்டிருக்கின்றனர். நோவு தொடங்குமுன் இதைச் செய்யவேண்டும்; நொந்த பின் பலமாக ஊதினால் உட்காதே சிதையலாம். சளியோடு சுழியோடுவது வீரம் அல்ல.

இரண்டாவது சுவாசப்பை. சிலிண்டரிலிருந்து ஆழத்தில் இழுக்கும் மூச்சு, அந்த ஆழத்தின் அமுக்கத்தில் நெருங்கிய காற்று. 10 மீற்றர் ஆழத்தில் இழுத்த ஒரு மூச்சு, மேலே வரும்போது இரண்டு மூச்சாக விரியும். 30 மீற்றரில் இழுத்தது நாலு மடங்காகும். பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தாலும், சளியால் சுவாசக் கிளை ஒன்று அடைபட்டிருந்தாலும், விரியும் காற்றுக்கு வழி இல்லை. சுவாசப்பையின் மெல்லிய சுவர் கிழிந்து காற்று குருதியில் புகுந்து நேரே மூளைக்குப் போகும். மேலே வந்த சில நிமிடங்களுக்குள் ஆள் மயங்கி விழுவான். இதற்குப் பெரிய ஆழம் வேண்டியதில்லை. ஒருவர் நிற்கும் உயர அளவு நீரே போதும். கரையில் மூச்சை நிறைத்துக்கொண்டு மூழ்குபவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் கொண்டுபோன காற்றே திரும்பி வருகிறது. இவ்வேற்றுமையை நம் வாலிபர்கள் நன்றாக மனத்தில் பதிக்கவேண்டும்.

குமிழியைக் கண்ட கதை

மூன்றாவது அடைப்பே அந்த இளைஞனை வீழ்த்தியது. இதைக் கண்டுபிடிக்க மனிதருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1670ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் றொபேட் பொயில் என்னும் விஞ்ஞானி, ஒரு விரியன் பாம்பைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் காற்றை வெளியே இழுத்தார். அப்பொழுது பாம்பின் கண்ணுக்குள்ளே ஒரு சிறு குமிழி அங்குமிங்கும் அசைவதைக் கண்டு குறித்துவைத்தார். அமுக்கம் குறைந்தால் உடலின் நீரிலே குமிழி பிறக்கும் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. அதன் பொருள் அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை.

பின்னர் 1840களில் பிரான்சு தேசத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் நீர் புகாதபடி அமுக்கிய காற்றை நிரப்பி ஆட்களை வேலை செய்யவைத்தனர். உள்ளே இருக்கும்வரை அவர்களுக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்த பின்பே மூட்டுவலியும் முடக்கமும் வந்தன. இதை ஆராய்ந்து 1854இல் எழுதிய போல், வட்டெல் என்னும் இரு வைத்தியர்கள் இன்னொன்றையும் கண்டனர். வலி கண்டவன் மீண்டும் அமுக்கத்திற்குள் சென்றால் வலி தணிந்தது. காரணம் தெரியாமலே மருந்து தெரிந்துவிட்டது.

நியூயோர்க் நகரத்துப் புரூக்கிளின் பாலத்தைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆற்றின் அடியில் அமுக்கிய காற்று நிறைந்த பெட்டிகளுக்குள் இருந்து அதன் அத்திவாரத்தைத் தோண்டினார்கள். தொழிலாளர் பலர் முடங்கினர், சிலர் இறந்தனர். பாலத்தின் தலைமை எந்திரி வாஷிங்டன் றோப்ளிங் 1872இல் இதே நோயால் முடங்கினார். அவருடைய மனைவி எமிலி அம்மையார் கணவனின் கட்டளைகளை வேலைத்தளத்திற்குக் கொண்டுசென்று, தாமும் கணக்கும் கட்டடக்கலையும் கற்று, 1883இல் பாலம் திறக்கும்வரை துணைநின்றார்.

காரணத்தை வெளிப்படுத்தியவர் பிரான்சு தேசத்துப் போல் பேர்ட். 1878இல் வெளியான தமது பெருநூலில், அமுக்கம் திடீரெனக் குறையும்போது குருதியிலும் இழையங்களிலும் பிறக்கும் குமிழிகளில் பெரும்பகுதி நைதரசன் வாயுவே என்று நிறுவினார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ஆழத்தில் அமுக்கம் கூடக்கூட அது குருதியிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. நீரில் கரைவதிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு கொழுப்பில் கரையும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு மூச்சாக அது வெளியேறிவிடும். விரைந்து வந்தால் கரைந்தது குமிழியாகப் பொங்கும்.

சோடாப் போத்தலைப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு குமிழியும் தெரியாது. சட்டென்று உடைத்தால் நுரைத்துப் பொங்கி வழிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுத் திறந்தால் பொங்குவதில்லை. ஆழத்திலிருந்து வரும் சுழியோடி ஒரு சோடாப் போத்தல்.

1889ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வெட்டியபோது, ஏர்னஸ்ட் மோயர் என்னும் எந்திரி வேலைத்தளத்திலேயே ஓர் இரும்பு அறையை வைத்தார். நோயுற்றவனை அதற்குள் கிடத்தி மீண்டும் அமுக்கம் ஏற்றி, பின் மெதுவாக இறக்கினார். அதற்கு முன் ஆண்டொன்றுக்கு நாலில் ஒரு பங்குத் தொழிலாளர் இறந்த இடத்தில், பின்னர் நூற்றுக்கு இருவர்கூட இறக்கவில்லை என்று அவர் அறிவித்தார். வைத்தியர் அல்லாத ஒருவர், தம் ஆட்கள் மேல் கொண்ட இரக்கத்தால் செய்த வேலை இது.

பின் வந்தவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன். இலண்டனில் இரும்பு அறைக்குள் ஆடுகளை வைத்து அமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார். ஆடு வலி கண்டால் முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும் சான்று. மொத்த அமுக்கத்தைப் பாதியாகக் குறைக்கும்வரை பெரும்பாலும் தீங்கில்லை. அதன்மேல் படிப்படியாகத் தங்கித் தங்கி ஏறவேண்டும் என்று அவர் கண்டார். 1906இல் ஸ்கொட்லாந்துக் கடலில் கடற்படைச் சுழியோடிகள் இருவர் இம்முறைப்படி 210 அடி ஆழம் சென்று நலமாக மீண்டனர். 1908இல் அந்த அட்டவணைகள் அச்சேறின. இன்று உலகில் எந்தச் சுழியோடி கையில் எந்தக் கருவியைக் கட்டியிருந்தாலும், அதன் வேர் அந்த ஆடுகளின் கால்களிலே இருக்கிறது.

நம் முன்னோரும் நாமும்

இனி நம் கடலுக்கு வருவோம். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைப் பார்ப்பதற்கென்றே பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகை இன்று இடிபாடாய்க் கடலை நோக்கி நிற்கிறது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சிப்பிகளை ஆராய இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இங்கு வந்தார். சிப்பியைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

அக்காலத்துச் சுழியோடிகள் கல்லைக் காலில் கொளுவி, மூக்கை இடுக்கி, ஒரே மூச்சில் ஐந்து முதல் பத்துப் பாகம்வரை இறங்கினர். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை மூழ்குவர் என்றும், மேலே வரும்போது காதாலும் மூக்காலும் இரத்தம் வருவதுண்டு என்றும் 1803இல் வெளிவந்த பேர்சிவலின் நூல் கூறுகிறது. காதின் அடைப்பு அவர்களுக்கும் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஒரு வழக்கத்தைக் கவனியுங்கள். ஒருவர் மூழ்கும்போது அவருடைய இணையாளர் தோணியில் ஓய்ந்திருப்பார். இருவரும் மாறிமாறி இறங்குவர்.

அந்த ஓய்வின் அருமையைப் பசிபிக் சமுத்திரத்துத் துவாமோத்துத் தீவுகள் நமக்குக் காட்டுகின்றன. அங்கும் ஒரே மூச்சில் முத்துச்சிப்பி எடுக்கும் சுழியோடிகள் இருந்தனர். அவர்கள் நம்மவரிலும் ஆழமாக, 30 மீற்றரும் அதற்கு மேலும், சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப மூழ்குவர். மாலையில் சிலர் தலைசுற்றி விழுவர், சிலர் முடங்குவர், சிலர் இறப்பர். அதற்குத் 'தரவானா' என்று அவர்கள் பெயரிட்டிருந்தனர். 1958இல் ஒரே நாளில், 235 பேரில் 47 பேருக்கு இந்நோய் கண்டதையும் அவர்களில் இருவர் இறந்ததையும் குறொஸ் என்பவர் பதிவு செய்தார். ஆனால் மங்கறேவா என்னும் மற்றொரு தீவில், ஒவ்வொரு மூழ்குதலுக்கும் இடையில் பன்னிரண்டு நிமிடமாவது ஓய்வது வழக்கம். அங்கே தரவானா இல்லை. தொழில் ஒன்றே; காத்தது ஓய்வு.

நம் முன்னோர் நைதரசனை அறிந்து ஓய்ந்தார்கள் என்று நாம் பெருமை பேசவில்லை. களைப்புக்காகவே ஓய்ந்திருப்பார்கள். ஆயினும் அந்த ஓய்வு அவர்களுக்குக் காவலாயும் நின்றிருக்கும். இன்றைக்கோ சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் பூண்டு இறங்குகிறோம். கரையோரத்தில் அட்டை அருகிவிட்டபடியால் ஆழம் தேடிப் போகிறோம். அதை 'ஒட்சிசன் சிலிண்டர்' என்று ஊரில் சொல்வதும் பிழை. அதில் இருப்பது அமுக்கிய சாதாரணக் காற்று. ஐந்தில் நாலு பங்கு நைதரசன். பாட்டனார் ஒரு நிமிடம் தங்கிய இடத்தில் பேரன் முக்கால் மணித்தியாலம் தங்குகிறான். முதல் சிலிண்டரில் சேர்ந்த நைதரசன் போய்த் தீருமுன் இரண்டாவதைக் கட்டுகிறான். கடல் அதே கடல்தான், கணக்கு வேறாகிவிட்டது.

குமிழி செய்யும் கேடு

குமிழி மூட்டில் நின்றால் வலி. தோலில் நின்றால் தினவும் தடிப்பும். மிகவும் கொடியது முண்ணாண் என்னும் முதுகுத் தண்டில் நிற்பது. அங்கே நரம்புகளுக்குக் கொழுப்பு உறை உண்டு. ஆகவே நைதரசன் மிகுதியாகச் சேரும். அங்குள்ள நாளங்களின் ஓட்டமோ மந்தம். அது அடைபட்டால் கால் மரத்து, நடை தளர்ந்து, சிறுநீர் கட்டும்.

1960களின் பிற்பகுதியிலிருந்து ஒலியலைக் கருவியால் ஓடும் குருதியிலுள்ள குமிழிகளைக் கேட்டறிய முடிந்தது. யாதொரு நோவும் இல்லாத சுழியோடியிடத்தும் குமிழிகள் இருப்பது அப்போது தெரியவந்தது. சாதாரணமாகச் சுவாசப்பை அவற்றை வடிகட்டிவிடும். ஆனால் நாலு பேரில் ஒருவருக்கு, தாயின் கருவில் இருந்தபோது இருதய அறைகளுக்கு இடையில் திறந்திருந்த சிறு துவாரம் முற்றாக மூடாமல் இருக்கிறது. அதன் வழியே குமிழி வடிகட்டியைத் தாண்டி நாடிகளுக்குச் செல்லலாம் என்பதை 1989இல் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. தனக்கு அத்துவாரம் உண்டா என்று கடலுக்குப் போகும் ஒருவனுக்கும் தெரியாது. ஆகவே, "நேற்று அவனும் இப்படித்தானே வந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது ஒரு சமாதானம் அல்ல.

மேலும், குமிழி குழாயை அடைப்பதோடு நிற்பதில்லை. குழாயின் உட்சுவரைக் காயப்படுத்துகிறது. அக்காயத்தில் குருதி உறையத் தொடங்குகிறது. கட்டையால் அடைபட்ட வாய்க்காலில் பின்னர் சேறும் சருகும் சேர்வது போல. அதனாலேயே நேரம் செல்லச் செல்ல நோய் இறுகுகிறது.

செய்யத்தக்கன

வாலிப சகோதரர்களே, சுருக்கமாகச் சொல்கிறோம். மேலே வரும்போது ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதீர்கள். நிமிடத்திற்கு 9 மீற்றருக்கு மேல், அதாவது ஐந்து பாகத்திற்கு மேல், ஏறாதீர்கள். 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது தங்குங்கள். ஆழமும் நேரமும் கூடினால் அட்டவணை சொல்லும் இடங்களிலெல்லாம் தங்கவேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் நீண்ட ஓய்வு எடுங்கள். சளியோடும் குடித்துவிட்டும் இறங்காதீர்கள். சுழியோடிய நாளிலேயே விமானமேறவோ மலைநாட்டுக்குப் பயணம் செய்யவோ வேண்டாம். உயரம் ஏறினால் அமுக்கம் இன்னும் குறையும்.

மூட்டு வலி, மரப்பு, தலைசுற்று, பேச்சுத் தடுமாற்றம், சிறுநீர்க் கட்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அது குமிழி என்றே கொள்ளுங்கள். ஆளை நிலத்தில் கிடத்துங்கள். தூய ஒட்சிசன் கிடைத்தால் முகமூடியால் கொடுங்கள். அது குமிழியிலுள்ள நைதரசனை வெளியே இழுக்கும். நினைவோடு இருந்தால் தண்ணீர் கொடுங்கள்; சாராயம் வேண்டாம். 1990 இலக்கத்திற்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். எத்தனை பாகம், எவ்வளவு நேரம், எத்தனை சிலிண்டர் என்பதை வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள். வலி தணிய மீண்டும் கடலில் இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அமுக்கம் நோயைத் தணிக்கும் என்பது உண்மையே. ஆனால் கடலுக்கு அடியில் கால் மரத்தவனைக் காப்பாற்ற யாருமில்லை. அதற்குரிய இடம் அமுக்க அறை. அதில் 18 மீற்றர் ஆழத்திற்கு ஒத்த அமுக்கத்தில் ஒட்சிசன் கொடுத்து, ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் வைத்தியம் செய்வார்கள். நம் நாட்டில் கடற்படையினரிடம் அவ்வசதி உண்டு. அது நம் முற்றத்தில் இல்லை. ஆகவே விரைவில் புறப்படுவது ஒன்றே நம் கையில் உள்ளது.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இது சுழியோடிக்கு மட்டும் உரிய கதை என்று எண்ணவேண்டாம். மார்பை அழுத்தும் வலி இருதய நாடி அடைபடுவதால் வரலாம். திடீரென வாய் கோணுவதும் ஒரு கை சோர்வதும் மூளை நாடி அடைபடுவதால் வரலாம். அங்கே அடைப்பது குமிழி அல்ல, இரத்தக் கட்டி. அதைக் கரைக்கும் மருந்தும் உண்டு. குழாய்க்குள் நுண்ணிய கம்பி செலுத்தித் திறக்கும் முறையும் உண்டு. ஆனால் எல்லாம் முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே முழுப்பயன் தரும். அடைப்பவை பல, அவற்றை வெல்லும் வழியும் ஒன்றல்ல. காலம் தாழ்த்தாமை என்னும் விதி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

அந்த இளைஞன் முதலில் வலியை மறைத்தான். ஏன் மறைத்தான் என்று பின்னர் ஒருநாள் கேட்டோம். "சொன்னால் அடுத்த நாள் தோணியில் ஏற்றமாட்டார்கள், பயந்தாங்கொள்ளி என்பார்கள்" என்றான். ஆகவே அவனை வீழ்த்தியது குமிழி மட்டும் அல்ல. சொல்ல முடியாமல் அவன் தொண்டையில் நின்ற சொல்லும் ஓர் அடைப்பே. அதைத் திறக்கும் கடமை பெரியோராகிய நமக்கு உண்டு. வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அவனைப் பழிக்காத கரையாக நம் கரை இருக்கட்டும்.

சங்கத்தின் வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறோம். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும் கைகள் உங்களுடையவை. அந்தக் கைகளால் நம் இறங்குதுறையில் ஒரு தூய ஒட்சிசன் சிலிண்டரும் முகமூடியும் வைக்க முயலுங்கள். வைத்தியசாலையாரின் ஆலோசனையோடு அதைக் கையாளுவதற்கு நால்வர் பழகுங்கள். அதன் பக்கத்தில் மூழ்கும் அட்டவணையைத் தமிழில் எழுதி மாட்டுங்கள். மோயர் என்னும் எந்திரி ஓர் இரும்பு அறையால் செய்ததைப் போல, வைத்தியர் அல்லாத நாமும் ஓர் உயிரைக் காக்கலாம். அடுத்த முறை ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறும்போது, "படுத்து எழும்பினால் சரியாகிவிடும்" என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கக்கூடாது.